கழுவிய கோட்டு

"காலர்ல வேர்வைக் கறையப் பாருங்க. அசல் பட்டாளக் கோட்டு" என்றார் கொழும்பு வியாபாரி. கண்டியில் உள்ள எங்கள் பழம்பொருள் கடைக்குச் சரக்கெடுக்க அவரிடம் போயிருந்தேன். பூச்சி உருண்டை வாசம் என்னை ஐம்பது வருடம் பின்னால் இழுத்தது.

அது வெள்ளைக்காரர் ஆண்ட காலம்; கடை என் தகப்பன், வாப்பாவுடையது. நாடகக்காரர்களின் கோட்டையும் பட்டாளக் கோட்டென்று விற்க வருவார்கள். சிப்பாயின் வேர்வை வாசம் இருக்கிறதா என்று வாப்பா காலரை முகர்ந்து பார்ப்பார். பித்தளைப் பொத்தானைச் சுற்றி வேர்வை பட்டுக் களிம்பேறிய பச்சைக் கறை தேடுவார்.

ஒருநாள் அம்பிட்டியவிலிருந்து ஒரு மலாய்க் கிழவி, வெள்ளைக்காரப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்த தன் தகப்பனின் சிவப்புக் கோட்டைக் கொண்டுவந்தார். அதில் சவர்க்கார மணம் மட்டுமே இருந்தது.

"இது நாடகக் கோட்டு, உம்மா" என்றார் வாப்பா.

கிழவிக்கு முகம் சிவந்துவிட்டது. "கழுவித்தான் கொண்டுவந்தன், மகன். கோட்ட விக்கலாம். எங்கட வாப்பாட வேர்வைய எப்பிடி விக்கிறது?"

வாப்பா கோட்டை மடித்துக் கையில் எடுத்தார். "இனிப் பார்க்க ஒண்டுமில்ல. இது அசல்தான்" என்று வாங்கிக்கொண்டார்.

வாங்க வந்த எந்த வெள்ளைக்காரத் துரையும் அது அசலென்று நம்பவில்லை. வாப்பா மௌத்தாகி அடக்கமாகும் வரை அது கடையிலேயே தொங்கியது.

கொழும்பு வியாபாரி காலரை என் மூக்கருகே நீட்டினார்.

"கழுவித் தாங்க, வாங்குறேன்" என்றேன்.