மனேச்சரின் சால்வையும் பஞ்சலிங்கத்தாரின் கண்ணாடியும்

சண்டிலிப்பாய்ப் பஞ்சலிங்கத்தார் பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று பெயரெடுத்தவர். அவருடைய விஞ்ஞான வகுப்போ நெடுங்காலம் ஒரு பொய்யின்மேல்தான் நின்றது. பொய்யென்றும் அடித்துச் சொல்லிவிட முடியாது. ஒருவர் பிழையாக விளங்கிக்கொண்டதை மற்றவர் திருத்தாமல் விட்டார், அவ்வளவுதான்.

1936ஆம் ஆண்டு. அவர் படிப்பித்த சிறிய சைவப் பள்ளிக்கூடத்தைக் கட்டியவர் புகையிலை வியாபாரி அருளம்பலம். பள்ளிக்கூடத்துக்கு மனேச்சரும் அவரே. விஞ்ஞான அறையில் நெசவுத்தறி போட்டால் நாலு பேருக்குப் பிரயோசனம் என்பது அவர் கட்சி.

“விசயதசமியண்டு எல்லாருக்கும் முன்னாலை ஒண்டு செய்து காட்டும், வாத்தியார். எனக்கு விளங்கினால் வகுப்பு இருக்கட்டும். இல்லாட்டித் தறியைப் போடுவம்.”

பஞ்சலிங்கத்தார் மின்னைத் தேக்கிவைக்கும் கண்டென்சரைத் தெரிந்தெடுத்தார். மண்ணெண்ணெய்த் தகரப் பேணியில் வெட்டிய இரண்டு தகடுகள், ஒரு விரல் இடைவெளியில் முகத்துக்கு முகம் நிற்கும். ஒரு தகட்டிலிருந்து கம்பி நிலத்துக்குப் போகிறது. மற்றதிலிருந்து, போத்தலுக்குள் தொங்கும் இரண்டு பொன்னிலைகளுக்கு. மின்னேற்றினால் இலைகள் விரியும். தகடுகளுக்கு நடுவே கண்ணாடித் துண்டொன்றை இறக்கினால் அவை சற்றுத் தாழும். பார்ப்பவன் மின் ஒழுகிப் போய்விட்டது என்பான். ஒன்றும் போகவில்லை. கண்ணாடி மின்னைக் கடத்தாது. ஆனால் இரு பக்க இழுவையையும் தன்னுள்ளே தாங்கி, தகடுகளுக்கிடையிலுள்ள நெருக்கடியைத் தணிக்கும். அதே சுமை இலேசாக இருக்கும்; இன்னும் ஏற்றவும் இடமிருக்கும். கண்ணாடியை எடுத்தால் இலைகள் பழையபடி விரியும். போனதுபோலத் தெரிவது போகவில்லை என்று ஊருக்குக் காட்ட அவருக்கு ஆசை.

சரசுவதி பூசைக்கு முதல்நாளே எல்லாக் கருவிகளும் அம்பாள் படத்தின் முன் வைக்கப்பட்டன. விசயதசமிக் காலையில் மனேச்சர் தம் கையாலேயே சந்தனம் சாத்தினார். மினுங்குகிற பொருள் என்பதால் கண்ணாடிக்குத் தாராளமாகக் கிடைத்தது: இரண்டு முகத்திலும், விளிம்பு வழியாகவும். வெளியே மழை தூறியது. சந்தனம் ஈரமாகவே இருந்தது. ஒரு துணியால் துடைத்தால் போதும். அம்பாளுக்கு முன், மனேச்சரின் கை வைத்த சந்தனத்தைத் துடைக்கப் பஞ்சலிங்கத்தாருக்குக் கை வரவில்லை. காய்ந்துவிடும் என்று நம்பினார். விஞ்ஞானம் படிப்பிப்பவர் செய்யக்கூடாத காரியம் அது.

சபை கூடியது. இலைகள் அழகாக விரிந்தன. கண்ணாடியை இறக்கினார். இலைகள் ஒரேயடியாய் விழுந்தன.

“செத்துப்போச்சே!” என்றார் மனேச்சர்.

“சாகேல்லை, ஐயா. கண்ணாடியை எடுக்க எழும்பும்.”

எடுத்தார். எழும்பவில்லை.

“அண்ணை, அடுத்த விசயதசமிக்குத்தான் எழும்புமோ?” என்று பின்வரிசையிலிருந்து கேட்டார் கணித ஆசிரியர் நடராசா. சபை சிரித்தது.

தகடுகளில் பட்ட ஈரச் சந்தனம் வழியே மின் முழுவதும் நிலத்துக்குப் போய்விட்டதென்று பஞ்சலிங்கத்தாருக்குத் தெரியும். சொன்னால் மனேச்சரின் பக்தி ஊருக்கு முன் குற்றவாளி. சொல்லாவிட்டால் அறைக்குள் தறி. மின்னைக் கடத்தாத பொருள் வேறேதும் உண்டா என்று தேடினார். மனேச்சரின் தோளில் சரிகையில்லாத பனாரசுப் பட்டுச் சால்வை கிடந்தது.

அந்தக் காலத்தில் ஒருவர் தோளிலிருந்து சால்வை இறங்குவதற்கு ஓர் அர்த்தந்தான் உண்டு: எதிரே அவரைவிடப் பெரியவர் நிற்கிறார்.

“ஐயா, உங்கடை சால்வையை ஒருக்காத் தாருங்கோ.”

நடராசாவின் சிரிப்பு நின்றது.

“என்ன கேட்டனீர்?”

“உதைப்போலை சுத்தப் பட்டு இந்த மண்டபத்திலை வேறை இல்லை, ஐயா. இந்தச் சோதினைக்கு அதுதான் வேணும்.”

இரண்டும் உண்மை. சேர்த்துச் சொன்ன விதத்தில்தான் கொஞ்சம் வியாபாரம் இருந்தது.

மனேச்சர் சபையைப் பார்த்தார், அம்பாளைப் பார்த்தார், சால்வையை எடுத்து நீட்டினார். பஞ்சலிங்கத்தார் அதைச் சாம்பிராணித் தணலில் காட்டி உலர்த்தி, தடிப்பாக மடித்தார். தகடுகளில் மறுபடி மின்னேற்றி, அவற்றில் உரசாமல் சால்வையை நடுவில் இறக்கினார். இலைகள் கொஞ்சம் தாழ்ந்தன. தூக்கினார். விரிந்தன.

“விடும், நான் செய்யிறன்,” என்று மனேச்சர் எழுந்து வந்தார். “நான் இறக்க இறங்குது, தூக்க எழும்புது! எட, கறண்ட் உயிரோடைதான் இருக்குது. வகுப்பு இருக்கட்டும்!”

அதன்பிறகு கலியாண வீடுகளிலெல்லாம் அவர் சொன்னார்: “கறண்ட் என்ரை சால்வைக்கைதான் இருந்தது. வாத்தியாரின்ரை கண்ணாடியாலை ஏலாமல் போட்டுது.”

பஞ்சலிங்கத்தாரின் மனைவி குணலட்சுமிக்குப் பொறுக்கவில்லை. “சால்வைக்கை கறண்ட் இல்லை, அது மின்னை விடாமல் நடுவிலை நிண்டது மட்டுந்தானெண்டு சொல்லுங்கோவன்.”

“சொல்லலாம். பிறகு கண்ணாடி ஏன் பிழைச்சதெண்டு கேப்பார்.”

“கேட்டால்?”

“சந்தனமெண்டு சொல்லவேணும்.”

அவள் யோசித்தாள். “அப்ப சும்மா இருங்கோ.”

சும்மா இருந்தார். ஒவ்வொரு விசயதசமிக்கும் மனேச்சர் தாமாகவே சால்வையைக் கழற்றி, வெறுந்தோளோடு பெருமையாக நின்றார். சபை கலைந்ததும் பஞ்சலிங்கத்தார் அறைக் கதவைச் சாத்தி, கண்ணாடியை நன்றாகத் துடைத்து, பிள்ளைகளுக்கு முதலிலிருந்து செய்து காட்டினார்.