தார்க்கரையில் கண்டல் நட்ட கதை

சேற்றில் இறங்கி வேலைவாங்கும் ஓவசியருக்கு மரியாதை முழங்கால் வரைக்கும்தான். வெளிவேலை பார்த்த நீங்கள் எல்லோரும் இதை ஒத்துக்கொள்வீர்கள். எழுபதுகளில், திருகோணமலைக் குடாக்கரையில் மூடிக்கிடந்த ஒரு தார்ப் பட்டறையின் கழிவை அள்ளி, கடலோரச் சேற்றில் பட்டுப்போன கண்டல் மரங்களை மறுபடி வளர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது.

வீட்டுப் படியில்

முதல் நாள் முழுக்க மண்வெட்டியால் தாரைச் சுரண்டினோம். பின்னேரம் வீட்டுக்குப் போனால், மனைவி கமலா படியிலேயே மறித்துவிட்டாள். மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய், சாம்பல் என்று ஒவ்வொன்றாய் எடுத்துத் தந்தாள். கிணற்றடியில் ஒரு மணித்தியாலம் தேய்த்தும் கால் கறுப்பாகவே இருந்தது. கடைசியில் சலித்துப்போய்க் கேட்டாள்: “நீங்கள் கரையைத் துப்பரவாக்கப் போனனீங்களோ, காலிலை அள்ளிக்கொண்டு வரப் போனனீங்களோ?”

நேர் வரிசை

என் ஆட்களில் பாதிப்பேர் கிளிவெட்டிப் பக்கத்து வயல்காரர். வரம்பு கட்டுகிற ஒழுங்கில், கயிறு பிடித்து, கண்டல் காய்களைக் கரையோரம் நட்டார்கள். அழகென்றால் அப்படியொரு அழகு. வாடைக் காற்றுக்குக் கடல் பொங்கியது. மூன்றே நாளில் ஒன்றும் மிச்சமில்லை. மேலிடம் வேலையை நிறுத்திவிடுமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் கிண்ணியாவிலிருந்து, அண்ணன் முறையில் எல்லோரும் காக்கா என்று கூப்பிடும் மஜீது தோணியில் வந்தார். கழிவு கொட்டுமுன் அங்கே வலை வீசிப் பிழைத்தவர். கடலிலிருந்து உள்ளே போகிற ஓர் ஓடையில், அலை அடிக்காத சேற்றைக் காட்டினார். அங்கே நட்டோம், பிடித்துக்கொண்டது. வயல்காரர் முகம் வாடியதைக் கண்டு காக்கா சொன்னார்: “வரிசை நல்லாத்தான் இருந்திச்சு, கடலுக்குத்தான் அது விளங்கல்ல.”

பெரியவரின் சப்பாத்து

கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி பார்வையிட வந்தார். வேலையைத் தொடர்வதா இல்லையா என்பது அவர் கையில். “பலகையிலை நடவுங்கோ ஐயா” என்று சொல்லச் சொல்லக் கேளாமல் சேற்றில் கால் வைத்தார். கால் வந்தது, சப்பாத்து வரவில்லை. நாலு பேர் தோண்டியும் அகப்படவில்லை. நாங்கள் சிரிப்பை விழுங்கிக்கொண்டு நின்றோம். அவர் ஒற்றைச் சப்பாத்தோடே கன்றுகளைச் சுற்றிப் பார்த்தார். ஜீப்பில் ஏறும்போது சொன்னார்: “வேலை நடக்கட்டும், என்ரை பங்குக்கு நானும் ஒண்டு நட்டிட்டன்.”

மூன்றாம் வருடம்

கண்டல் இடுப்பளவு வந்துவிட்டது. ஒரு காலை மஜீது காக்கா எங்கள் கொட்டிலுக்கு வந்து, மேசையில் ஓர் ஓலைப்பெட்டியை வைத்தார். உள்ளே துள்ளத் துள்ள இறால். கழிவு கொட்டிய காலத்தில் அந்த ஓடை இறாலைச் சட்டியில் போட்டாலே தார் நாறும். அதனால்தான் மனுசன் தூரத்து இலங்கைத்துறைவரை அலைந்து தொழில் செய்தவர். இப்போது கண் கலங்க, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, பெட்டியை என் மூக்கருகே நீட்டினார்: “மணந்து பாருங்க ஓவசியர், இறால் மணம் மட்டுந்தான்!”

அந்த மூன்று வருடமும் நான் மாதம் தவறாமல் எழுதி அனுப்பிய அறிக்கைகளை எவரும் வாசித்ததாய்த் தெரியவில்லை. நல்ல காலம், இறால் அதையெல்லாம் வாசித்துவிட்டுத்தான் வருவேன் என்று அடம்பிடிக்கவில்லை.