ரப்பர் விதை டிசைன்

யானை வரைந்துதான் நான் சோறு சாப்பிட்டேன். தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து பல வருடங்கள், கேகாலையில் ஒரு சிங்கள முதலாளியம்மா, எங்களுக்கு நோனா, நடத்திய துணி அச்சுப் பட்டறையில் எனக்கு டிசைன் வரைகிற வேலை. படுக்கை விரிப்பு, இடுப்பில் கட்டுகிற சாரம், மேசை விரிப்பு, பாத்திரம் துடைக்கிற துண்டு என்று எதுவானாலும் அதில் யானை இருக்க வேண்டும். ஒருமுறை மாற்றத்துக்காக மயில் கேட்டார்கள். நான் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள், மயிலுக்குப் பக்கத்தில் ஒரு யானையும் வைக்கச் சொன்னார்கள்.

துணி முழுவதும் தெரிகிற படம் உண்மையில் ஒரு சிறு சதுரம்தான். அதுதான் திரும்பத் திரும்ப வரும். அதனால் சதுரத்தின் ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். வரைந்த தாளை நாலாக வெட்டி, மூலைகளை இடம் மாற்றி ஒட்டுவேன். ஓரங்களெல்லாம் நடுவுக்கு வந்துவிடும். அங்கே சிலுவை மாதிரி ஒரு வெற்றிடம் விழும். அதை நிரப்பிவிட்டால் துணியில் இணைப்பு தெரியாது. இலை, கொடி என்றால் எங்கே வேண்டுமானாலும் வளைத்து நிரப்பலாம். யானை வளையாது. நோனாவோ இடைவெளி விடக் கூடாது என்பார். வெறுந்துணி தெரிந்தால் வாங்குகிறவர்கள் ஏமாற்று என்று நினைப்பார்களாம். நெருக்கி வைத்ததில் ஒவ்வொரு யானையின் தும்பிக்கையும் முன்னால் போகிற யானையின் வாலுக்கடியில் போய் நின்றது. அச்சாகி வந்த விரிப்பைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

"லஸ்ஸனய் நங்கி! எவ்வளவு ஒத்துமையா போகுதுங்க பாரு!" என்றார் நோனா. அவர் பேசுவது சிங்களத்தில்; லஸ்ஸனய் என்றால் அழகு, நங்கி என்றால் தங்கச்சி. நானும் சிங்களத்தில்தான் பதில் சொல்வேன், அதுவும் கேட்டால்தான்.

அந்த விரிப்பு மற்ற எல்லாவற்றையும்விட நன்றாக விற்றது. பார்த்துப் பார்த்து வாங்கினார்கள். அதற்குப் பிறகு, துணி வாங்க வந்தவர்கள் யாரையும் நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. கூச்சம் என்று நினைத்தார்கள். பாதிதான் கூச்சம், மீதி அடக்கிய சிரிப்பு.

நோனா நிறம் தேர்ந்தெடுப்பது தனிக் காட்சி. ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார், கண்ணை மூடுவார், மூச்சை இழுத்து விடுவார், பிறகு ஆரஞ்சு என்பார். எப்போதும் ஆரஞ்சுதான். வெள்ளைக்காரர்கள் பட்டறைக்கு வந்தால் என்னைக் காட்டி, இந்தப் பிள்ளை எல்லாவற்றையும் கனவில் கண்டு வரைகிறாள் என்பார். அவர்கள் தலையை ஆட்டிக்கொண்டு என்னைப் படம் பிடிப்பார்கள். நான் கண்ட கனவெல்லாம் எங்கள் ஊர் யட்டியாந்தோட்டைக்குத் திரும்பிப் போகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பது பற்றித்தான்.

எனக்கென்று ஒரே ஒரு டிசைன் இருந்தது. தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால் ரப்பர் காடு. வெயில் காலத்தில் காய்கள் பட்டென்று வெடித்து விதைகள் தகரக் கூரையில் விழும். சின்ன வயதில் அவற்றைக் கல்லில் தேய்த்துச் சூடாக்கி, அடுத்தவர் தொடையில் வைத்துவிட்டு ஓடுவோம். விதையின் மேல் பழுப்புக் கோடுகளும் புள்ளிகளும் ஓடும். ஒன்றில் இருப்பது போல இன்னொன்றில் இருக்காது. அதை அப்படியே வரைந்தேன். சதுரம் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாதபடி விதைக்கு விதை கோட்டை மாற்றினேன். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி ட்ரேஸிங் பேப்பர் வேண்டும்; அதை வைத்துத்தான் அந்த நிறத்தை அச்சடிக்கிற ஸ்கிரீன் செய்வார்கள். முதல் தாளில் விதையின் உடம்பு, இரண்டாவதில் நிழல், மூன்றாவதில் கோடுகள். மூன்றாவது தாள் இல்லாவிட்டால் அவை வெறும் உருண்டைகள். அந்தத் தாளுக்கு மட்டும் ஒரு மழைக்காலம் முழுவதும் போனது.

நோனா பார்த்துவிட்டு, "கரப்பான் மாதிரி இருக்கே நங்கி" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஹோட்டலிலிருந்து மேசை விரிப்புக்கு ஆர்டர் வந்தது. தேயிலைக் கொழுந்து எடுக்கிற பெண்கள் வேண்டுமாம்.

"நீ தோட்டத்துப் பிள்ளைதானே, உனக்குத் தெரியாததா? இத முடிச்சுக் குடு. அப்புறம் உன்னோட கரப்பானையும் அச்சடிப்போம்."

அந்த ஒரு வாக்குக்காகத்தான் ஒத்துக்கொண்டேன். எங்கள் தோட்டத்தில் தேயிலையே இல்லை, பெண்கள் ரப்பர் பால் வாளிதான் தூக்குவார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். வாளி அழகில்லை, கூடைதான் அழகு என்றார். இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கை எடுத்துவிடச் சொன்னார். பூ வைக்கச் சொன்னார், வளையல் போடச் சொன்னார், சிரிக்கச் சொன்னார். எல்லாவற்றையும் செய்தேன். தாளை வெட்டி ஒட்டியபோது ஒருத்தியின் கழுத்து சரியாக வெட்டுப்பட்டது. அதையும் ஒட்டிச் சிரிக்க வைத்தேன்.

அதை வீட்டுக்குக் கொண்டுவந்து நிரப்பிக்கொண்டிருந்தபோது, பால் வெட்டிவிட்டு வந்த அக்கா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"யாருடி இவளுங்க? கல்யாணத்துக்குப் போறாளுங்களா?"

"கொழுந்து எடுக்கப் போறாங்கக்கா."

"இப்படிச் சிங்காரிச்சுக்கிட்டா? கங்காணி அரைப் பேருதான் போடுவான், பாதிச் சம்பளந்தான். ஏன்டி எல்லாத்துக்கும் ஒரே மூஞ்சி?"

"ஒண்ண வரைஞ்சா போதும். மத்ததெல்லாம் தானா வரும்."

"வெள்ள வெளேர்னு வேற இருக்காளுங்க."

"தோலுக்கு நெறம் போட்டா இன்னொரு ஸ்கிரீன் செய்யணும். துணியவே அப்படியே விடச் சொல்லிருச்சு நோனா."

"ஓ! கறுப்பா இருந்தா செலவா?" அக்கா சிரித்தாள். "சரி, மூஞ்சியில கொழம்பு ஊத்தித் திங்கட்டும். ஒரு ரப்பர் கொட்டைக்காக இவ்வளவு கேவலப்படுறியே, நீயெல்லாம்..."

அவள் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை.

முடித்த தாளை நோனாவிடம் கொடுத்தேன். அவர் நீட்டிப் பிடித்துப் பார்த்தார். பெண்களின் காலடியில் இடம் வெறுமையாகத் தெரிந்ததாம்.

"உன்னோட ரப்பர் கொட்டையை இதுல தூவிடலாம் நங்கி. பிங்க், பச்சை. உன் டிசைனும் அச்சான மாதிரி ஆச்சு."

வாக்கைக் காப்பாற்றிவிட்ட முகத்தோடு கையை நீட்டினார். என் பையில் மூன்று தாள்களும் இருந்தன. முதல் இரண்டையும் கொடுத்தேன். நீட்டிய கை அப்படியே இருந்தது.

"மூணாவதத் தர மாட்டேன் நோனா" என்றேன். அதுவரை நான் அவரிடம் 'மாட்டேன்' என்று சொன்னதே இல்லை.

"அது வெறும் கோடுதானே? வேணாம், வேணாம். ஒரு ஸ்கிரீன் மிச்சம்!" என்றார் அவர். என் தோளில் தட்டி, கெட்டிக்காரி என்றார். நான் செய்த ஒரே எதிர்ப்பு அவருக்குச் சிக்கனமாகப் போய்ச் சேர்ந்தது.

விரிப்புகள் அச்சாகி ஹோட்டலுக்குப் போயின. சாயம் கலைந்துபோன ஒன்றை எனக்குக் கொடுத்தார்கள். அதை வீட்டில் விரித்துப் பார்த்த அக்கா குனிந்து விரலால் தொட்டாள்.

"இவளுங்க காலடியில என்னடி இது, பல்லி முட்டையா?"

"ஆமாக்கா, பல்லி முட்டைதான்" என்றேன்.

ரப்பர் மரத்தடியிலேயே பிறந்து வளர்ந்தவள் அவள். கோடில்லாத விதை அவளுக்கே அடையாளம் தெரியவில்லை என்றால், ஹோட்டலில் சாப்பிடுகிறவர்கள் கை துடைப்பது என் டிசைனில் இல்லை.