மாமியின் கை நடுங்கிய வருஷம்

மாத்தளை டவுனிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம் தள்ளியிருக்கிற எங்கள் ஊரில் ஒரு பெண் மௌத்தானால், முதலில் போன் வருவது எங்கள் வீட்டுக்குத்தான். என் கணவரின் உம்மா ஸைனம்பு மாமி, இறந்த பெண்களின் மையித்தை அடக்கத்துக்கு முன் குளிப்பாட்டுகிறவர். பகலில் வாசனைத் திரவியக் கடையொன்றில் கராம்பு துப்புரவாக்குவார். போன் வந்தால் அதை அப்படியே போட்டுவிட்டுப் போவார். இருபத்திரண்டு வருஷமாக அவருடைய சோடி மஸூதா. மஸூதா தண்ணீர் ஊற்ற, மாமி கழுவுவார். இருவரில் யார் முந்திப் போனாலும் மற்றவர்தான் குளிப்பாட்ட வேண்டும் என்று பேசி வைத்திருந்தார்கள். "நீதான் முந்திப் போகோணும். உன்னத் திருப்ப லேசு" என்று மஸூதா சொல்ல, இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

போன வருஷம் நோன்பு முடிந்த கையோடு, ஒரு மையித்தைப் பாதி கழுவிக்கொண்டிருக்கும்போது மாமியின் நெஞ்சு படபடவென்று அடித்தது. வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. இப்போதே செத்துவிடுவேன் என்று தோன்றியதாம். வெளியே வந்து பைப்படியில் உட்கார்ந்துவிட்டார். அதன்பிறகு அது அடிக்கடி வந்தது. பஸ்ஸில் வந்தது, வெங்காயம் வெட்டும்போது வந்தது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் வந்தது. ஆளும் இளைத்துக்கொண்டே போனார்.

மையித்தோடு புழங்கிப் புழங்கிப் பயம் பிடித்துவிட்டது என்று ஊர் முடிவு கட்டியது. வெங்காயத்தைக் கண்டு யாராவது பயப்படுவார்களா என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஊரைச் சொல்லி நான் தப்ப முடியாது. "மாமி, இனி மையித்துக்குப் போகாதீங்க" என்று முதலில் சொன்னவள் நான்தான். அப்போது என் மகன் கைக்குழந்தை. மாமி தூக்க வரும்போதெல்லாம் பசிக்கிறது, தூக்கம் வருகிறது என்று ஏதாவது சொல்லி அவனை வாங்கிக்கொள்வேன். அந்தக் கையைப் பார்க்கவே எனக்குக் கூசியது. மாமிக்கு அது விளங்கியது. பிறகு அவராகவே தூக்க வருவதில்லை.

என் கணவர் றினோஸ் பயம் தெளியட்டும் என்று மூன்று இடங்களில் தண்ணீர் ஓதி வாங்கிக்கொண்டு வந்தார். போத்தல்கள் ஜன்னலோரம் வரிசையாக நின்றன. மாமி எதுவும் கேட்காமல் குடித்தார். களைத்துப்போன மனுஷிக்குத் தர்க்கம் பண்ண எங்கே தெம்பு?

மஸூதா சிறுநீரக வருத்தத்தில் படுத்திருந்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மௌத்தானார். மாமி யாரையும் கேட்காமல் புறப்பட்டார். நானும் பின்னால் போனேன். மஸூதாவின் கேட்டடியில், குளிப்பாட்டும் தண்ணீரில் கரைக்கிற கற்பூரத்தின் மணம் வந்தது. மாமிக்கு வேர்த்தது. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கொஞ்சம் நில்லு மகள். இது தானாப் பெய்த்திரும். நான் உள்ளுக்குப் போறேன்."

"உங்களுக்கு ஏலா மாமி" என்று கையைப் பிடித்து வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டேன். மஸூதாவை வேறு ஊரிலிருந்து வந்த இரண்டு பெண்கள் குளிப்பாட்டினார்கள். நன்றாகத்தான் செய்தார்களாம்.

ஏழு கிழமை கழித்து மகனுக்கு ஊசி போடக் கிளினிக்குக்குப் போனபோது, பையைத் தூக்கிக்கொண்டு மாமியும் வந்தார். மிட்வைஃப் மிஸ் பிள்ளையை விட்டுவிட்டு மாமியின் கழுத்தைப் பார்த்தார். கையை நீட்டச் சொன்னார். அன்றைக்கே துண்டு எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். இரத்தம் சோதித்தார்கள்.

தைரொயிட் என்றார் டொக்டர். கழுத்திலுள்ள அந்தச் சுரப்பி ஹோர்மோனை அளவுக்கு மிஞ்சிச் சுரந்தால், யாரும் துரத்தாமலே நெஞ்சு அடித்துக்கொள்ளுமாம். வேர்க்குமாம், கை நடுங்குமாம். உடம்பு பயந்த மாதிரி நடந்துகொண்டால் மனசும் பயந்துபோய், எதற்கென்று காரணம் தேடுமாம். எங்களுக்குத் தேடவே தேவையிருக்கவில்லை. மையித்து கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது.

மாமி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "மஸூதா மௌத்தான நாள் எனக்கு வந்ததும் இதுதானா?"

டொக்டருக்கு மஸூதா யாரென்று தெரியாது. இந்த வருத்தம் தொடங்கி ஒரு வருஷமாவது இருக்கும் என்றார். மாமி தலையாட்டினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமியின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

மாத்திரை தொடங்கி இரண்டு மாதத்தில் நடுக்கம் அடங்கியது. போன கிழமை மறுபடி போன் வந்தது. மாமி போனார், நான் தடுக்கவில்லை. பின்னேரம் திரும்பி வந்து, குளித்துவிட்டுக் குசினி வாசலில் உட்கார்ந்தார். நான் மகனைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன்.

"கை ஈரம் மகள்."

"ஈக்கட்டும் மாமி."

அவன் அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டான். மாமி தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப நடுங்குதில்ல, பாத்தியா?" என்றார். பிறகு அவன் தலையைத் தடவிக்கொண்டு, "மஸூதாவ ஒருக்காத் தொட ஏலாமப் பெய்த்து" என்றார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்குக் கேட்டடியில் நான் பிடித்துத் திருப்பிக் கூட்டிவந்த கையை இப்போது பிடித்துக்கொண்டேன்.