பாக்கியத்துக்காக ஒரு ஜெபம்

நான் நாலாம் வகுப்பில் படித்த வாசகப் புத்தகத்தின் மூன்றாம் பாடம் ஒரு சிறுகதை. அதில் பாக்கியம் என்று ஒரு வேலைக்காரி வருவாள். அவள் வேலை பார்க்கும் வீட்டின் மருமகள் விளக்கைக் கவனியாமல் வைத்துவிட்டுப் போக, வைக்கோற்போர் பற்றி எரிந்துவிடும். பழி பாக்கியத்தின்மேல் விழும். அவள் மறுத்து ஒரு வார்த்தை பேசாமல், கட்டிய சேலையோடு வெளியேறுவாள். ஊர் ஊராக அலைந்து, ஒரு மழைநாளில் சத்திரத்து வாசலில் இறந்துபோவாள். அதன்பிறகே உண்மை தெரிந்து எல்லோரும் அழுவார்கள்.

பாளையங்கோட்டையில் நான் தங்கிப் படித்த மிஷன் பள்ளியில் டீச்சரம்மா இந்தக் கதையை ஒரு வாரம் நடத்தினார். பாதியில் புத்தகத்தை மூடிவிட்டு, இனி என்ன நடக்கும் என்று கேட்பார். முடித்தபின், கதையின் கருத்து என்ன, பாக்கியத்தின் குணங்கள் யாவை என்று கேட்பார். கருத்து, பொறுமை. குணங்கள், அடக்கம், நன்றி, பிறர் குற்றம் பேசாமை. நான் எழுதிய விடையை அவர் வகுப்பில் வாசித்துக் காட்டினார். அந்தக் கதையில் நான் அறியாதது இனி ஏதுமில்லை என்ற நிறைவோடு கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்தேன்.

எங்கள் ஊர் திசையன்விளைக்கும் ராதாபுரத்துக்கும் நடுவே, செம்மண்ணும் பனையுமான இடம். அப்பா அங்கே உபதேசியார். ஞாயிறு ஆராதனை நடத்துவதும் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதும் அவர் வேலை. நற்கருணை கொடுக்க மட்டும், ஐயர் என்று நாங்கள் சொல்லும் குருவானவர் மாதம் ஒருமுறை வண்டியில் வருவார். வீட்டில் அம்மாவும், அப்பாவின் தங்கையான அத்தையும் இருந்தார்கள்.

அத்தை சபை விலக்கில் இருந்தாள். நான் பள்ளிக்குப் போவதற்கு முன்பு ஒரு வருடம், பக்கத்து ஊர் மாடன் கோயில் கொடைவிழாவில் அத்தையின் சிவப்புச் சேலையை இருட்டில் யாரோ பார்த்திருக்கிறார்கள். அந்தச் சேலை பொங்கல்பானை சுமந்து போனதாம். சபையின் மூப்பர்கள் வீட்டுக்கு வந்து விசாரித்தபோது அத்தை தலைகுனிந்து நின்றாளே தவிர, பதில் சொல்லவில்லை. விலக்கில் இருப்பவர்களுக்கு நற்கருணை கிடையாது, எங்கள் வேதக்கோயிலில் கல்யாணமும் கிடையாது. ராதாபுரத்து வாத்தியார் ஒருவர் அத்தையைப் பெண் கேட்டு வந்து, விஷயம் தெரிந்து திரும்பிப் போனார். இதெல்லாம் எனக்கு வீட்டுச் செய்தியாகத் தெரியும். அத்தை செய்தது தவறு, அதற்குத் தண்டனை, அவ்வளவுதான்.

விடுமுறையில் ஒரு சனிக்கிழமை பிற்பகல், எங்கள் வேதக்கோயிலை அடுத்த வேப்பமரத்தடியில் பெண்கள் ஓலைப்பெட்டி முடைந்துகொண்டிருந்தார்கள். அம்மாவும் அத்தையும் அவர்களோடு இருந்தார்கள். நான் புத்தகத்தை எடுத்துவந்து மூன்றாம் பாடத்தை உரக்க வாசித்தேன். பாக்கியம் வீட்டைவிட்டு வெளியேறும் இடம் வந்ததும் டீச்சரம்மாவைப் போலவே புத்தகத்தை மூடினேன்.

"இனி என்ன நடக்கும்?" என்றேன்.

"அடப் பாவியளா! அவ வாயத் தொறந்து நான் இல்லன்னு சொல்லுததுக்கு என்ன?" என்றாள் எதிர்வீட்டுப் பெரியம்மை.

"சொன்னா மட்டும் நம்பிருவாவளாக்கும்! வேலக்காரி சொல்லு எந்தச் சபையில ஏறுது?" என்றாள் இன்னொருத்தி.

"அந்த மருமவ இருக்காளே, அவளுக்குச் சோறு எறங்குதாட்டி?"

இந்தக் கேள்வியை டீச்சரம்மா கேட்டதில்லை. மருமகளைப் பற்றிக் கதையில் அப்புறம் எதுவும் இல்லை என்று சொன்னேன். பிறகு கருத்தையும் குணங்களையும் ஒப்பித்தேன். அத்தை ஓலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "பொறுமன்னா சொல்லிக்குடுத்தாவ? அவளுக்கு அந்த மருமவ மேல பிரியமா இருந்திருக்கும்ட்டி" என்றாள். அம்மா கையிலிருந்த ஓலையை அப்படியே போட்டுவிட்டு, உலை வைக்கவேண்டும் என்று எழுந்து போனாள். சூரியன் அப்போது உச்சியிலிருந்து சற்றே சாய்ந்திருந்தது. உலை வைக்கும் நேரம் அல்ல. மீதியை நாளை வாசிப்பதாகச் சொல்லி நானும் எழுந்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பெண்கள் அதுவரை வாசிக்கக் கேட்ட அச்சுப் புத்தகம் வேதம் ஒன்றுதான். அச்சில் இருப்பது நடந்தது என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. ஞாயிறு காலையில், யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று அப்பாவிடம் வந்து சொல்வதும் அங்கே வழக்கம். காய்ச்சல்காரர்கள், நிறைமாதக்காரிகள், கொழும்புக்குக் கப்பல் ஏறியவர்கள் என்று பெயர்கள் வரும். அன்று பெரியம்மை பாக்கியத்தின் பெயரையும் சொல்லி, அவளுக்கு நேர்ந்ததையும் சுருக்கமாகச் சொல்லிவிட்டாள். வேறு சபையைச் சேர்ந்தவள் போலும் என்று அப்பா மேற்கொண்டு விசாரிக்கவில்லை. கோயிலுக்குள் அவர் ஜெபிக்கத் தொடங்கும்வரை எனக்கும் இது தெரியாது.

"செய்யாத குற்றத்தைச் சுமந்து, வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட எங்கள் சகோதரி பாக்கியத்துக்காக வேண்டிக்கொள்ளுகிறோம். அவள் சுமக்கப் பார்த்துக்கொண்டு வாய்மூடியிருக்கிற இருதயத்தையும் தொட்டருளும் ஆண்டவரே."

நான் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தேன். மூன்றாம் பாடத்துக்காகச் சபையே முழங்காலில் இருந்தது. சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தன. எல்லோரும் ஆமென் சொன்னார்கள். என் பக்கத்தில் அம்மா சொல்லவில்லை. அவள் எழுந்து நின்றாள். கோயிலுக்குள் ஒரு பெண் எழுந்து பேசி நான் கண்டதே இல்லை.

"சபையார் கேக்கணும். கொடைக்குப் பொங்கப்பான கொண்டு போனது இந்தா இருக்காளே, இவ இல்ல. நான். அவ சேலயக் கட்டிக்கிட்டு நாந்தான் போனேன். எம் பிள்ளைக்கு அம்மை கண்டு ரெண்டு கண்ணும் தெறக்கல. ஜெபம் பண்ணிப் பண்ணிப் பாத்தேன். பொறவுதான் போனேன்."

அப்பா வேதபுத்தகத்தின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை. அவர் வாய் திறந்தபடியே இருந்தது. அத்தை, "மைனி, இரிங்க. மைனி!" என்று அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். நான் மறுபக்கம் சேலையைப் பிடித்து இழுத்தேன். பெரியம்மை ஏமாந்தது போல அம்மாவும் ஏமாந்து, பாக்கியத்தின் கதையில் தன்னைச் சேர்த்துப் பேசுகிறாள் என்று நினைத்தேன். கதையில் பிள்ளையே கிடையாது, அம்மை கிடையாது, கொடை கிடையாது. எல்லாவற்றையும் அம்மா தப்பாகச் சொல்கிறாள் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

"அம்மா, அது கதம்மா" என்றேன். எல்லோருக்கும் கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னைக் கூப்பிட்டார். அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பாக்கியம் எந்த ஊருக்காரி?"

"மூணாம் பாடம் அப்பா" என்று புத்தகத்தை விரித்துக் காட்டினேன்.

அவர் அந்தப் பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து பின்வாசலுக்குப் போய்விட்டார்.

அடுப்படியில் அத்தை அம்மாவை ஏசிக்கொண்டிருந்தாள். பழி நீங்கினால் சந்தோஷப்படுவாள் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். அத்தை அப்படிக் கோபப்பட்டு அதற்குமுன் பார்த்ததில்லை.

"என்னயக் கேக்காம எதுக்கு எந்திச்சிய? உபதேசியார் பெண்டாட்டி மாடனுக்குப் பொங்குனான்னா அண்ணனுக்கு வேல இருக்குமா? அதுக்குத்தானே நான் வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன்? எம் பேரு போனது போச்சி, இப்ப எல்லாஞ் சேந்து போவணுமா?"

"அவிய அப்பிடி ஜெபம் பண்ணுதாவ. நான் எப்பிடி ஆமென் சொல்லுவேன்?" என்று மட்டும் அம்மா சொன்னாள்.

அந்த மாதமே ஐயர் வந்து விசாரித்தார். அத்தையின் விலக்கு நீங்கியது. அம்மா விலக்கில் வைக்கப்பட்டாள். அப்பாவின் வேலை போகவில்லை. ஆனால் இதைவிட வறண்ட ஒரு ஊருக்கு மாற்றப்படுவார் என்று சொன்னார்கள், அப்படியே நடந்தது. அம்மை கண்ட பிள்ளை நான்தான் என்பதைக்கூட அப்போது நான் யோசித்துப் பார்க்கவில்லை. என் கவனமெல்லாம், ஞாயிற்றுக்கிழமை அத்தை நற்கருணை வாங்கப்போகிறாள் என்பதில்தான் இருந்தது. குற்றமற்றவள் என்று தெரிந்தபின் பாக்கியம் உயிரோடு இருந்திருந்தால் எப்படி இருக்கும் என்று நான் பள்ளியில் பலமுறை கற்பனை செய்திருக்கிறேன். அதைக் கண்ணால் பார்க்கப்போகிறேன் என்று நினைத்தேன்.

விலக்கில் இருப்பவர்களின் இடம் கடைசியில், கதவோரம். அன்று அம்மா அங்கே போய் உட்கார்ந்தாள். சபையார் வரிசையாக முன்னே போய் முழங்காலிட்டார்கள். ஐயர் அத்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அத்தை எழுந்தாள். பின்பக்கம் திரும்பி நடந்து, கதவோரம் அம்மாவின் பக்கத்தில் முக்காட்டை இழுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

ஐயர் மறுபடியும் கூப்பிட்டார். எல்லாத் தலைகளும் திரும்பின. அம்மா முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டாள். அத்தை அசையவில்லை.

அவளுக்குக் காது கேட்கவில்லை என்றுதான் நான் நினைத்தேன். எழுந்து ஓடிப்போய் அவள் தோளைத் தட்டி, "அத்தே, ஒங்களத்தான் கூப்பிடுதாவ" என்றேன்.