நத்தைக்கு நான் செய்த உதவி

மனைவி ஊரில் இல்லாத நேரம் பார்த்து அவளுடைய பொருள்களைத் தூக்கி எறிந்தேன். தப்பு என்னுடையதுதான்.

ஆனைக்கரையில் அந்த மழைக்காலம் முழுக்க ஆப்பிரிக்க நத்தைகள் தோட்டங்களை மேய்ந்துகொண்டிருந்தன. கொல்லையில் அவள் சேர்த்திருந்த ஓட்டை வாளிகளும் நனைந்த சாக்குகளும்தான் அவற்றுக்கு விடுதி என்று, முப்பது வருடம் அறிவியல் கற்பித்த நான் கண்டுபிடித்தேன். அந்தச் சமயம், நான்கு வருடமாகப் பார்க்காத தங்கையைப் பார்க்க அவள் மதுரைக்குப் போனாள். அன்றே ஜீப் பிடித்து எல்லாவற்றையும் அனுப்பிவிட்டேன்.

ஒரு வாரத்தில் திரும்பினாள். அவளுடைய பீன்ஸ் கொடியில் தண்டு மட்டும் இருந்தது.

“சாக்கெல்லாம் எங்கங்க?”

“குப்பைக்குப் போயிருச்சு.”

“உள்ள கோஸ் இலை வச்சிருந்தேனே, பாக்கலையா? நத்தை அதத் தின்னத்தான் வரும். காலைல அள்ளி உப்புத்தண்ணில போடுவேன். வாத்தியாரு பொறியத் தூக்கிட்டு விருந்து வச்சிருக்காரு!”

மன்னிப்புக் கேட்டேன். புது விதை ஊன்றினேன். தினமும் சாக்கை நனைத்து, இலை வைத்து, விடிந்ததும் நத்தை பொறுக்கினேன். பீன்ஸ் நன்றாகவே காய்த்தது.

ஆனால் அவள் மதுரைக்குப் போவதை விட்டுவிட்டாள். தங்கை கூப்பிட்டுக்கொண்டேயிருக்கிறாள்.

“போயிட்டு வா, நான் பாத்துக்கிறேன்” என்கிறேன்.

“நீங்க பாத்துக்கிட்டது போதுங்க” என்கிறாள்.