வசந்தா அக்கா கேட்காத பணம்

வசந்தா அக்கா இறந்த செய்தி டீ இடைவேளையில் வந்தது. "நம்ம வசந்தா பூட்டாங்கடி" என்றாள் செக்கிங் பிரிவு மல்லிகா. மணி அடித்ததும் எல்லோரும் தையல் மெஷினுக்குத் திரும்பினோம். அம்பத்தூர் எஸ்டேட்டில் அழுவதற்கென்று யாரும் நேரம் ஒதுக்குவதில்லை. அன்று பேசாமல் விட்டதை, அவரோடு தைத்த உங்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

சம்பள நாளில் கம்பெனி வாசலில் நிற்கும் ஆண்களை உங்களுக்குத் தெரியும். கழனி வேலைக்குப் போன காலத்தில் நம் அம்மாக்களின் கூலியை வீட்டு ஆணின் கையில்தான் கொடுப்பார்கள். கழனி போய்க் கம்பெனி வந்தது, கூலி போய் ஏடிஎம் கார்டு வந்தது. வாங்கும் கை மட்டும் மாறவில்லை. அக்காவின் கார்டும் அவர் கணவரிடம்தான் இருந்தது. "என் சம்பளம் எவ்ளோன்னு அந்தாளுக்குத் தெரியும், மெஷினுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது" என்று சொல்லிச் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவருடைய ஒரே மகள் திவ்யா மண்ணூர்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் கார்டு வந்தது. சாமி படத்தின் முன் வைத்துக் குங்குமம் இட்டு அப்பாவிடம் கொடுப்பதுதானே நம் வழக்கம்? அக்காவின் கணவரும் கையை நீட்டிவிட்டார். அக்கா குறுக்கே புகுந்து, கார்டை எடுத்து மகள் கையில் திணித்தார். "ஊட்டுக்கு அரிசி வாங்கு, அப்பனுக்குச் சட்டை வாங்கு. கார்ட மட்டும் யாருக்கும் குடுக்காத. எனக்கும்தான்." மறுநாள் வீங்கிய கன்னத்தோடு வேலைக்கு வந்தார். எதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டீர்கள் என்று திட்டினேன். "அடி எனக்குத்தான உளுந்துச்சு? கார்டு அவகிட்டதான கீது?" என்றார். அத்தனை பெருமையை நான் அந்த முகத்தில் அதற்கு முன் பார்த்ததில்லை.

பிறகு வயிற்றுவலி வந்தது. டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். பெரியாஸ்பத்திரியில் காத்துக் கிடந்தால் காண்ட்ராக்ட் ஆளுக்கு வேலை போய்விடும். வெளியே எடுக்கப் பணம் வேண்டும். கணவர் அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று தள்ளினார்.

"திவ்யாகிட்ட கேளுக்கா."

"நானே கை நீட்டினா அப்பால எல்லாரும் நீட்டுவாங்க. அவகிட்ட சொன்னீன்னா உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்."

பொறுக்க முடியாமல் நானே திவ்யாவுக்குப் போன் செய்தேன். அவள் அன்றைக்கே அம்மாவை அழைத்துப் போனாள். நோய் முற்றிவிட்டது என்று டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

அக்கா, இதற்காக உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். மகளிடம் பிடுங்குவது வேறு, மகள் கொடுப்பது வேறு. அதை அவளுக்குச் சொல்லித்தராமலே போய்விட்டீர்கள். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே" என்று அந்தப் பெண் தலையில் அடித்துக்கொண்டதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பட்டாபிராம் வீட்டில் காரியத்தன்று, பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் என்று சொல்லித் திவ்யாவின் அப்பா அவளிடம் கார்டைக் கேட்டார். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திவ்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னா வேணும்னு சொல்லு நைனா. நானே எடுத்துகினு வர்றேன்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். அவர் நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டார்.

என் மகள் அடுத்த வருஷம் வேலைக்குப் போகிறாள். அக்கா சொன்னதை அப்படியே அவளுக்குச் சொல்லிவிட்டேன். அக்கா சொல்லாததையும் சேர்த்துச் சொன்னேன்: "எனக்கு ஒடம்புக்கு வந்தா உங்கிட்டதான் கேப்பேன். வெக்கப்படாம கேப்பேன். நீ குடுக்கணும்."